159 ஆசனம் வந்தாச்சு. எதை நம்பலாம்?

16.11.2024 | புதுவாக்காளர்

இலங்கைப் பாராளுமன்றத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 225 இல் 159. 2020 இல் மூன்றே மூன்று ஆசனத்தோடு இருந்த கட்சி, இன்று யாழ்ப்பாணத்திலும் முதலாம் இடம். இந்த முறை உண்மையாகவே ஏதோ மாறும் என்று படுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போகும், இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணி திரும்பி வரும், மாகாண சபைத் தேர்தல் நடக்கும், நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழியும். இப்படி நம்புவது மடைத்தனமா? "எல்லாரும் கள்ளர்" என்று எழுதுபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போங்கோ. விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

16.11.2024 | வெட்டுப்புள்ளி

மடைத்தனமில்லை. ஆனால் நீங்கள் எழுதிய நாலும் நாலு வேறு சாமான். ஒரே சாக்குக்குள் போட்டால், பாரமானதைக் காட்டி லேசானதையும் தூக்க முடியாது என்பார்கள்.

காணி விடுவிப்புக்கும் தடுப்புக் காவல் உத்தரவை நிறுத்துவதற்கும் ஒரு கையெழுத்துப் போதும். ஜனாதிபதியே பாதுகாப்பு அமைச்சர், ஆகவே கை யாருடையது என்று தேட வேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவும், மாகாண சபைத் தேர்தலுக்குக் குறுக்கே கிடக்கும் சட்டத்தைத் திருத்தவும் சாதாரண சட்டம் வேண்டும்: 113 வாக்கு. அரசியலமைப்பைத் தொட 150. நிறைவேற்று ஜனாதிபதி முறையை முழுதாக ஒழிப்பதென்றால், 150 க்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லவே வாய்ப்பு அதிகம்.

என் கணக்கு இதுதான். கையெழுத்து ஒன்றோடு முடியும் வேலை நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்வசன வாக்கெடுப்பு வேண்டிய வேலை தாமதமாவதற்கு நூறு காரணம் இருக்கும். கையெழுத்துத் தாமதமாவதற்கு ஒன்றுதான்.

16.11.2024 | மூன்றாம்வாசிப்பு

ஒரு திருத்தம். சாதாரண சட்டத்துக்கு 113 தேவையில்லை. உறுப்புரை 72: சமுகமளித்து வாக்களிப்போரில் பெரும்பான்மை. நிறைவெண் 20. 113 என்பது 225 இன் பாதிக்கு மேல், அரசாங்கம் நிலைப்பதற்கான எண். ஆனால் 150 விசயத்தில் சரி: உறுப்புரை 82(5), வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர் தொகையில் மூன்றில் இரண்டு. அன்று வீட்டில் நின்றவரும் "எதிர்" என்று போட்டவர் கணக்குத்தான்.

16.11.2024 | வெட்டுப்புள்ளி

ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் நல்லது, தடை இன்னும் லேசாகிவிட்டது.

17.11.2024 | வெட்டுப்புள்ளி

"வடக்கு தேசியக் கட்சிக்கு வாக்களித்துவிட்டது" என்ற வசனத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. யாழ் மாவட்டத்தை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம். ஆறு ஆசனம் (முன்பு ஏழு).

தேசிய மக்கள் சக்தி 80,830. தமிழரசுக் கட்சி 63,327. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி, அதாவது சைக்கிள், 27,986. சுயேச்சைக் குழு 17 பெற்றது 27,855.

முதல் படி: முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்து.
அடுத்து, ஐந்து சதவீதத்துக்குக் கீழே எடுத்த எல்லாரையும் வெட்டவேண்டும். அவர்களுடைய வாக்கு கணக்கிலேயே இல்லை. யாழ்ப்பாணத்தில் இம்முறை கட்சியும் சுயேச்சையுமாக அவ்வளவு பேர் நின்றார்கள், செல்லுபடியான வாக்கில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் படியிலேயே குப்பைக்குப் போனது.
மிஞ்சியதை (ஐந்து சதவீதத்தைத் தாண்டியும் ஆசனம் கிடைக்காதவர்களின் வாக்கையும் சேர்த்து) ஐந்தால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48,000. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. வேறு ஒருவருக்கும் எட்டவில்லை.
இன்னும் மூன்று கிடக்கிறது. இவை பெரிய மீதிக்குப் போகும். தேசிய மக்கள் சக்தியின் மீதி 32 ஆயிரத்துச் சொச்சம், சைக்கிள் 27,986, சுயேச்சை 27,855. தமிழரசின் மீதி 15 ஆயிரத்துச் சொச்சம்தான், ஆகவே அவர்களுக்கு இல்லை.

முடிவு 3-1-1-1. நாலில் ஒரு பங்கு வாக்கு பாதி ஆசனமாகியது. முதலாம் இடம் என்பது உண்மை, அது சின்ன விசயமும் இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்று போனஸ், இன்னொன்று மீதி. நாலில் மூன்று பேர் வேறு யாருக்கோ போட்டார்கள், அந்த "வேறு யாரோ" ஒருவராக நிற்கவில்லை. இதைக் கொழும்பில் இருப்பவர்கள் "தமிழர் இனப் பிரச்சினையை விட்டுவிட்டார்கள்" என்று வாசித்தால், பிழை வாக்காளரில் இல்லை.

மட்டக்களப்பைச் சேர்த்துப் பாருங்கள்: 22 தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வராத ஒரே இடம். தமிழரசுக்கு மூன்று.

17.11.2024 | கிளாக்கர்

ஆக, பிரிந்து நின்ற தமிழ்க் கட்சிகள்தான் அந்த போனஸை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தது. நன்றி சொல்லிக் கடிதம் வந்ததா என்று விசாரிக்கவும்.

20.11.2024 | மூன்றாம்வாசிப்பு

புதுவாக்காளர் 159 ஐப் பார்த்துச் சந்தோசப்படுகிறார். எனக்கு அந்த எண்ணில்தான் பயம்.

பெரிய பெரும்பான்மைகளை இந்த நாடு என்ன செய்தது? 1970 இல் மூன்றில் இரண்டு: 1972 அரசியலமைப்பு, சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த காப்பு போனது. 1977 இல் 168 இல் 140: 1978, நிறைவேற்று ஜனாதிபதி. 2010: 18 ஆம் திருத்தம், 161 வாக்கு, இரண்டு தவணை வரம்பு போனது. 2020: 20 ஆம் திருத்தம், 156 வாக்கு.

மறுபக்கம், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த திருத்தங்கள். 17 ஆம் திருத்தம் 2001 இல், தட்டுத்தடுமாறிய சிறுபான்மை அரசில், ஜே.வி.பி. (இன்றைய தேசிய மக்கள் சக்தியின் தாய்க் கட்சி) வெளியிலிருந்து முட்டுக்கொடுத்த காலத்தில். 19 ஆம் திருத்தம் 2015 ஏப்ரலில் 212 வாக்கோடு, அரசாங்கத்துக்குச் சொந்தமாகப் பெரும்பான்மையே இல்லாதபோது. 21 ஆம் திருத்தம் 2022 ஒக்டோபரில் 179 வாக்கோடு, தன் கட்சிக்கு ஒரேயோர் ஆசனம் இருந்த ஜனாதிபதியின் கீழ்.

பலமாக வந்தவர்கள் கதிரையை உயர்த்தினார்கள். பலமில்லாமல் வந்தவர்கள்தான் காலை அறுத்தார்கள்.

21.11.2024 | வெட்டுப்புள்ளி

13 ஆம் திருத்தத்தை மறந்துவிட்டீர்கள். 1987 நவம்பர். மாகாண சபைகளோடு அதிகாரத்தைப் பகிர்ந்த ஒரே திருத்தம், ஆறில் ஐந்து பெரும்பான்மை வைத்திருந்த ஜே.ஆர். ஜயவர்தனவால் வந்தது.

21.11.2024 | மூன்றாம்வாசிப்பு

மறக்கவில்லை, வசதியாகத் தள்ளிவைத்தேன். ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம் முதுகில் இருந்தது, அது தனக்காக எழுந்த ஆசையில்லை. சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றமே பிளவுபட்டது. ஆனாலும் சரி, என் விதிக்கு ஒரு விலக்கு என்று எழுதிவைக்கிறேன்.

21.11.2024 | கிளாக்கர்

சர்வசன வாக்கெடுப்பு என்று லேசாகச் சொல்கிறீர்கள். இந்த நாட்டில் நடந்தது ஒன்றே ஒன்று: 22 டிசம்பர் 1982. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 54.66 சதவீதம் விளக்கு. எதற்கு? தேர்தல் வைக்காமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் ஓட்டுவதற்கு.

02.12.2024 | வெட்டுப்புள்ளி

பயங்கரவாதத் தடைச் சட்டம். "நீக்குவோம்" என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வாக்குறுதி ஒளிந்திருக்கும், பிரித்துக் கேட்கவேண்டும்.

முதலாவது, பாவிக்காமல் விடுவது. 9 ஆம் பிரிவின்படி அமைச்சர் ஒப்பமிட்டால் ஒருவரை ஒரு தடவைக்கு மூன்று மாதம் அடைக்கலாம். முன்பு 18 மாதம் வரை நீட்டலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12. ஒப்பமிடாமல் இருக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, வெறும் நீக்கம். 1979 இன் 48 ஆம் இலக்கச் சட்டம், "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு வந்து 1982 இல் நிரந்தரமாகியது. இரண்டு வரிச் சட்டமூலம் எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் பொறி. பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் 6(3) ஆம் பிரிவின்படி, ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அதன்கீழ் ஏற்கனவே நடக்கும் வழக்கு சாகாது, நீக்கும் சட்டம் வெளிப்படையாக அப்படிச் சொன்னால் ஒழிய. ஆகவே நிலுவை வழக்குகளுக்கும், ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக் கிடைத்த தண்டனைகளுக்கும் என்ன வழி என்ற வாசகம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டம் போகும், ஆள் உள்ளே இருப்பார்.

மூன்றாவது, மாற்றீடு. 2018 இல் ஒரு சட்டமூலம், 2023 இல் இன்னொன்று, இரண்டும் சட்டமாகவில்லை. இனி ஒன்று வந்தால் பெயரைப் பார்க்காமல் நாலு இடத்தைப் புரட்டுங்கள்: பயங்கரவாதம் என்பதன் வரைவிலக்கணம் எவ்வளவு அகலம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலம் சான்றாகுமா (இப்போது 16 ஆம் பிரிவு ஆகும் என்கிறது, பலவந்தத்தில் கொடுத்தது என்று நிரூபிப்பது சந்தேகநபரின் தலையில்), தடுப்புக் காவலுக்கு ஒப்பமிடுவது அமைச்சரா, செயலாளரா, நீதவானா, நீதவானுக்கு விடுவிக்கும் அதிகாரம் உண்டா அல்லது பார்த்துத் தலையாட்டும் அதிகாரம் மட்டுமா.

14.12.2024 | கிளாக்கர்

சபாநாயகர் கலாநிதிப் பட்டச் சர்ச்சையில் பதவி விலகிவிட்டார். பதவியேற்று ஒரு மாதமும் ஆகவில்லை. புதுவாக்காளர், நாடி எப்படி?

14.12.2024 | புதுவாக்காளர்

விலகினாரே, அதுவே எனக்குப் புதிது. முன்பெல்லாம் விசாரணைக்குழு வைத்து, அறிக்கை வந்து, அறிக்கையும் தொலைந்திருக்கும்.

18.02.2025 | வெட்டுப்புள்ளி

வரவுசெலவுத் திட்டம் பற்றிச் சுருக்கமாக. அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000. தலைப்பில் அவ்வளவுதான் வரும். உள்ளே: இந்த ஏப்ரலில் ஒரு பகுதி, மிச்சம் 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும். ஏன் இழுபடுகிறது என்றால், சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் போட்ட நாலு வருட ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. வட்டிக்கு முந்திய மிகை, அதாவது கடன் வட்டியைச் சேர்க்காத செலவைவிட வருமானம் கூடும் தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் வேண்டும். ஆட்சி மாறியது, அந்த எண் மாறவில்லை. பொருளாதாரத்தில் பெரிய திருப்பம் எதிர்பார்த்தவர்கள் அந்த 2.3 ஐ முதலில் பார்த்திருக்கவேண்டும்.

18.02.2025 | மூன்றாம்வாசிப்பு

இன்னொன்று கவனிக்கப்படாமல் போகிறது. 2023 இல் பணமில்லை என்று நின்றுபோன உள்ளூராட்சித் தேர்தலின் பழைய வேட்புமனுக்களை இரத்துச் செய்ய, இந்த வாரம் தனிச் சட்டமே நிறைவேற்றினார்கள். தேர்தலுக்குக் குறுக்கே சட்டம் கிடந்தால் அதை எடுத்துவிடத் தெரியும் என்று காட்டிவிட்டார்கள். மாகாண சபைப் பேச்சு வரும்போது இதை ஞாபகப்படுத்துங்கோ.

12.04.2025 | புதுவாக்காளர்

இராணுவம் மூடிவைத்திருந்த வசாவிளான்–பலாலி வீதி திறந்தாச்சு! வெட்டுப்புள்ளியின் "ஒரு கையெழுத்து" வேலை.

12.04.2025 | வெட்டுப்புள்ளி

ஓம், கணக்கில் சேர்க்கிறேன். வீதி திறந்தது, இரண்டு பக்கக் காணியும் திறந்ததா என்பது வேறு கேள்வி. பஸ் போகலாம், இறங்கி வளவுக்குள் போகலாமா?

20.05.2025 | மூன்றாம்வாசிப்பு

அதே அரசாங்கம் கையெழுத்தால் செய்த இன்னொரு வேலை: மார்ச் 28 அரச வர்த்தமானி அறிவித்தல். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி.

இது எங்கே பிழைக்கிறது என்றால், அந்த மூன்று மாதம் சமாதான காலத்து ஊருக்கு எழுதியது. இடம்பெயர்ந்த வீட்டில் உறுதி எரிந்திருக்கும். உறுதி பாட்டன் பெயரில் இருக்கும், பாட்டனுக்குப் பிறகு பிரிவினை எழுதியிருக்கமாட்டார்கள். உரித்தாளர் ஐந்து பேரில் மூன்று பேர் வெளிநாட்டில், அதில் ஒருவர் வர்த்தமானி என்ற சொல்லையே கேள்விப்பட்டிருக்கமாட்டார். எல்லைக்கல் போன இடத்தில் நில அளவை வரைபடம் இருந்தும் உதவாது. கோருபவர்கள் உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் எடுக்கலாம், பழைய வரி பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, அயலவரின் சத்தியக் கடதாசி எல்லாம் சேர்க்கவேண்டும். ஆனால் யார் யார் கோரவேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் போய்விடும்.

20.05.2025 | வெட்டுப்புள்ளி

இதை நான் கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். 1931 இன் படிவத்தை 2025 இல் எடுத்துக் கிளாக்கர் நிரப்பியதுபோல் இருக்கிறது.

20.05.2025 | கிளாக்கர்

என் பெயரை இழுக்கவேண்டாம்.

21.05.2025 | வெட்டுப்புள்ளி

மே 6 உள்ளூராட்சி முடிவையும் இதே இடத்தில் வைப்போம். தேசிய மக்கள் சக்திக்கு நவம்பரில் நாடு முழுக்க 61.56 சதவீதம், மே மாதம் 43.26. யாழ் மாவட்டத்தில் தமிழரசு திரும்ப முன்னுக்கு. உள்ளூராட்சிக்கு ஆளைப் பார்த்துப் போடுவார்கள், ஒப்பிடக் கூடாது என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் நான் 17.11 இல் எழுதிய அந்த நாலில் ஒரு பங்கு நினைவிருக்கிறதா, அது கடனாகக் கொடுத்த வாக்கு. வர்த்தமானி மார்ச் 28, வாக்களிப்பு மே 6. இடையில் 39 நாள்.

28.06.2025 | மூன்றாம்வாசிப்பு

உயர் நீதிமன்றம் நேற்று அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. அரசாங்கமும் மீளப்பெறுவதாகச் சொல்கிறது. அறிவித்தலை மாற்றச் சட்டம் வேண்டியதில்லை, இதுவும் கையெழுத்து வேலைதான்.

30.06.2025 | புதுவாக்காளர்

அப்ப மாகாண சபை? அதில் என்னதான் சிக்கல் என்று ஒருவரும் முழுதாக எழுதவில்லை.

01.07.2025 | மூன்றாம்வாசிப்பு

2017 செப்டம்பர். பெண் வேட்பாளர் ஒதுக்கீட்டுக்கென்று ஒரு சின்னச் சட்டமூலம் வந்தது. குழுநிலையில், அதாவது வாசகம் வாசகமாகத் திருத்தும் கட்டத்தில், அதற்குள் முழுத் தேர்தல் முறையையே திணித்தார்கள்: பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். இதுதான் 2017 இன் 17 ஆம் இலக்கச் சட்டம். குழுநிலை ஏன் ஆபத்து என்றால், சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிக் குறித்த சில நாளுக்குள் மட்டுமே பொதுமகன் ஒருவர் உயர் நீதிமன்றம் போகலாம் (உறுப்புரை 121). அதன்பின் நுழைத்ததை நீதிமன்றம் கண்டிருக்காது. சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் 80(3), எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கமுடியாது.

தொகுதி முறைக்கு எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, கொண்டுவந்த அரசாங்கமே எதிர். பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டியது, அறிக்கை வரவேயில்லை. ஆக, பழைய முறை நீக்கப்பட்டாயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. வட மாகாண சபை கடைசியாகத் தெரிவானது 2013 செப்டம்பரில், கலைந்தது 2018 ஒக்டோபரில். 2019 முடிவில் ஒன்பதும் காலி, ஆளுநர்கள் ஓட்டுகிறார்கள்.

திருத்தம் எளிது: "எல்லை நிர்ணயம் முடியும்வரை 2017 க்கு முந்திய விகிதாசார முறையில் நடத்தலாம்" என்று ஒரு வாசகம். சாதாரண பெரும்பான்மை.

01.07.2025 | கிளாக்கர்

எட்டு வருடம் ஒரு வாசகத்துக்காகக் காத்திருக்கிறது. எழுதுபவருக்குக் கைநோவு போல.

11.09.2025 | வெட்டுப்புள்ளி

நேற்று முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 151 ஆதரவு, 1 எதிர். வீடு, வாகனம், செயலாளர் படி எல்லாம் போனது. வாக்குறுதி கொடுத்தபடி செய்தார்கள், மனதாரச் சந்தோசம். ஆனால் நான் பார்ப்பது நாட்காட்டியை. வர்த்தமானி ஜூலை 31. இடையில் உயர் நீதிமன்றத்தில் மனு, விசாரணை, சாதாரண பெரும்பான்மை போதும் என்ற தீர்மானம். நிறைவேற்றம் செப்டம்பர் 10. மொத்தம் 41 நாள்.

இனி "கால அவகாசம் வேண்டும்" என்று யாரும் சொன்னால் நமக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நீதிமன்றம் போய் வந்த சட்டமூலத்துக்கே 41.

11.09.2025 | மூன்றாம்வாசிப்பு

அவர்களுக்கு வேண்டிய சட்டமூலத்துக்கு 41 என்று எழுதுங்கோ.

11.09.2025 | வெட்டுப்புள்ளி

சரி, எழுதியாயிற்று. 2024 இன் நம்பிக்கையை நான் கைவிடவில்லை. 159 இல் வைத்திருந்ததை எடுத்து 41 இல் வைக்கிறேன்.

11.09.2025 | புதுவாக்காளர்

அப்ப நாளை, வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் மாகாண சபைக்கான அந்த ஒரு வாசகம் வந்தால்?

11.09.2025 | மூன்றாம்வாசிப்பு

12 இலிருந்து 41 நாள், ஒக்டோபர் 23. அதன்பின் வேட்புமனு அறிவித்தல், இரண்டு மூன்று கிழமை. வேட்புமனு முடிந்து வாக்களிப்பு வரை, மே மாதத் தேர்தலில் மார்ச் 20 இலிருந்து 47 நாள் எடுத்தது. டிசம்பர் கடைசியில் வந்து நிற்கும். நவம்பரில் உயர்தரப் பரீட்சை, பரீட்சை மண்டபமும் வாக்குச் சாவடியும் ஒரே பாடசாலை, அதனால் ஆயத்த வேலை பிந்தும். ஜனவரி நடுப்பகுதி என்று வையுங்கோ.

12.09.2025 | கிளாக்கர்

வர்த்தமானி பார்த்தேன். இந்தக் கிழமை இல்லை.